மிச்ச மண்

குழி வெட்ட ஒன்றரை நாள்.
குழியிலிருந்து வந்தது
குழியைவிடப் பெரிதாக இருந்தது.

உள்ளே இறுகிக் கிடந்ததாம்,
வெளியே வந்து மூச்சு விடுகிறதாம்.
திரும்பப் போட்டு மிதித்தாலும்
பழைய இடத்தில் அடங்காது என்றார் உல்திஸ்,
எந்திரத்தை அணைக்காமல்.
நாலில் ஒரு பங்கு கூடும்.
கூடியதற்கும் நாங்கள்தான் கொடுக்க வேண்டும்.

மண்ணாசை எங்களுக்கும் உண்டு.
இருபத்தைந்து வருடக் கடனில் கையெழுத்திட்டு
யெல்காவாவுக்கு வெளியே
சர்க்கரைக் கிழங்கு விளைந்த வயலில்
ஒரு துண்டு வாங்கினோமே, அது வேறென்ன?
மண்ணைத் தொலைக்கும் ஆசை
அக்டோபரில்தான் வந்தது.

பதினாறு நடை லாரி.
சிமெண்ட் பையின் முதுகில்
இல்க்வர்ஸ் பெருக்கிப் பார்த்தான்:
குளியலறை ஓடு முழுக்க,
கூடவே ஒரு ஜன்னல்.
இந்தக் களிமண் குளிரில் உப்பி
அஸ்திவாரத்தைத் தூக்கிவிடும்,
அதனால் மணல் வர வேண்டும்.
ஒரு மண்ணை விரட்டக் காசு,
இன்னொரு மண்ணை அழைக்கக் காசு.

கருப்பு மேல்மண் இரண்டே நாளில் கரைந்தது.
தள்ளுவண்டிகளோடு தெருவே வந்தது,
இலவசத்துக்கு வருகிறவர்களின்
அந்த அவசர வணக்கத்தோடு.
களிமண்ணைக் கேட்பாரில்லை.
பலகை எழுதி வைத்தோம்.
குளம் வெட்டுவதாக ஒருவர்
மூன்று முறை தொலைபேசினார், வரவில்லை.
ஸென்தா என்றொருத்தி வந்தாள்.
விரலிடுக்கில் உருட்டி, எச்சில் தொட்டு,
குளியல் குடிசையின் அடுப்பைப் பூச
இரண்டு வாளி எடுத்துக்கொண்டு
ஒரு பூசணியை வைத்துவிட்டுப் போனாள்.
அந்த இரண்டு வாளிப் பள்ளம்
குவியலில் எங்காவது தெரிகிறதா என்று
இருட்டும்வரை சுற்றி வந்தோம்.

மணல் வந்தது, அஸ்திவாரம் எழுந்தது, குவியல் நின்றது.
நவம்பரில் அள்ள வந்த லாரி
அச்சுவரை புதைந்தது.
டிசம்பரில் குவியல் பாறை.
மார்ச்சில் பனி உருகும் பாதையில்
கனரக வண்டிக்குத் தடை.

இடையில் பனி பெய்தது.

எங்கள் ஊர் அவ்வளவு தட்டை,
ஒரு பந்தை வைத்தால்
அங்கேயே யோசித்துக்கொண்டிருக்கும்.
ஒரு ஞாயிறு வந்து பார்த்தால்
பன்னிரண்டு பிள்ளைகள்,
சறுக்குப் பலகைகள்,
ஒரு பிளாஸ்டிக் குளியல் தொட்டி.
"அய்கா மலையில இருக்கேன்" என்று
தெருவில் யாரோ தன் அம்மாவிடம் கத்தினான்.
அய்கா நான்தான்.
அதுவரை என் பேரில்
கடனைத் தவிர எதுவும் இருந்ததில்லை.

பிப்ரவரியில் ரெனார்ஸ்
முன்பல்லை அங்கே விட்டான்.
பால்பல்தான், ஆடிக்கொண்டிருந்ததுதான்,
இருந்தாலும் கையுறை கழற்றி
மண்டியிட்டுத் தேடினோம்.
கிடைக்கவில்லை.

மே மாதம் உல்திஸ் வந்தார்.
பதினான்காம் நடையில் தரை தட்டிவிட்டது.
பதினாறு சொன்னீர்களே?
அவர் பூட்ஸ் குதிகாலால் கடைசி விளிம்பைத் தட்டினார்.
"யாரோ நல்லா மிதிச்சிருக்காங்க."

என் பல் எந்த லாரியில் போனது என்று
வேலிக்கு அப்பாலிருந்து ரெனார்ஸ் கேட்டான்.
உல்திஸ் உண்மையிலேயே யோசித்தார்.
"ஒன்பது" என்றார்.
ரீகா நெடுஞ்சாலையோரம்
இரைச்சல் தடுக்க ஒரு கரை எழும்புகிறது,
ஒன்பதும் அங்கேதான்.

குவியல் போன இடத்தில்
தாலிவல்திஸின் சமையலறை வந்து நிற்கிறது,
ஏழு மாதமாக நாங்கள் பார்க்காத ஜன்னல்.
எங்கள் சுவரில் கண்ணாடி வைக்காத ஓட்டை
நேரே அதற்குள் போகிறது.
உள்ளாடையோடு முட்டை உடைக்கிறவர்
கையில் ஓட்டோடு நிமிர்கிறார்.

திரைச்சீலை வேண்டும் என்கிறான் இல்க்வர்ஸ்.
இரண்டு நடைக் காசு இருக்கிறது.